முதுகில் ஒரு துளை

பெரியப்பா வீட்டில் இருக்கும்போது சட்டை போடமாட்டார். கோடைக்காலத்தில் திண்ணையில் வெற்றுடம்போடு ஒருக்களித்துப் படுத்திருப்பார். அவருடைய வலது விலாவில் ஒரு தழும்பு இருந்தது. முதுகெலும்புக்கு நாலு விரல் தள்ளி ஆரம்பித்து, கடைசி விலா எலும்பை ஒட்டியே சரிந்து வந்து, முன்வயிற்றில் முடியும். அதன் இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள், பூரான் கால்கள் மாதிரி. பிள்ளைகள் நாங்கள் அதைப் புலி கிழித்தது என்று நம்பினோம். அவரும் மறுத்ததில்லை.

உண்மையில் அது ஒரு கிட்னி கல் வெளியே வந்த வழி. கல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், பஞ்சுக்கு நடுவே, பீரோவின் மேல்தட்டில் இருந்தது. காய்ந்த இஞ்சித் துண்டுபோல இருக்கும். அதை எடுக்கப் பன்னிரண்டாவது விலா எலும்பிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள் என்று பெரியம்மா சொல்வார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அப்புறம் மூன்று மாதம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது.

கிட்னி கல் சில குடும்பங்களில் நிலபுலன் மாதிரி இறங்கி வரும். முப்பது வருஷம் கழித்துப் பெரியப்பா மகனுக்கும் வந்தது. அப்பாவுடையதைவிடப் பெரிய கல். அவன் நாலாம் நாள் வீட்டில் இருந்தான். முதுகைக் காட்டச் சொன்னேன். ஒரு சின்ன பிளாஸ்திரி, அதற்கடியில் இரண்டே தையல். "இது வழியாவாடா எடுத்தாங்க?" என்று பெரியம்மா மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அந்தத் துளை பிறந்த கதை இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல்லை எடுப்பதற்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பழைய வெட்டு ஏன் அத்தனை பெரிதாக இருந்தது? சிறுநீரகம் இருக்கும் இடம் அப்படி. குடலுக்கெல்லாம் பின்னால், முதுகுத் தசைகளின் மடியில், கீழ் விலா எலும்புகளின் நிழலில், கொழுப்பு மெத்தைக்குள் புதைந்து கிடக்கிறது. கையை விட்டு எட்டவே பெரிய வாசல் வேண்டும். எட்டிய பிறகு இன்னொரு சங்கடம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. கத்தி வைத்தால் ரத்தம் கசியாது, பீறிடும். அதனால் வெகுகாலம் சீழ் கட்டி முதுகில் வீங்கி நின்றால் கீறிவிடுவதோடு மருத்துவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். 1880ல் லண்டனில் ஹென்றி மோரிஸ் என்ற சர்ஜன், 19 வயதுப் பெண் ஒருத்திக்குச் சீழ் பிடிக்காத சிறுநீரகத்தைக் கல்லுக்காகவே திறந்தார். திட்டமிட்டுச் செய்த முதல் சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

எங்கே வெட்டினால் ரத்தம் குறைவாகப் போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் மருத்துவரே இல்லை, ஓவியர். மாக்ஸ் பிரோடல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்காரர். அமெரிக்காவில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சைப் படங்கள் வரைய வந்தவர். வரைவதற்கு முன்னால் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு உண்டு. சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களை அச்செடுத்து ஆராய்ந்து, 1901ல் ஒரு விஷயத்தை எழுதினார். முன்பக்கக் கிளைகள் பாயும் பகுதியும் பின்பக்கக் கிளைகள் பாயும் பகுதியும் சந்திக்கும் எல்லையில், சிறுநீரகத்தின் வெளிவளைவுக்குச் சற்றுப் பின்னால், பெரிய குழாய்கள் குறுக்கிடாத ஒரு கோடு ஓடுகிறது. இரண்டு வாய்க்கால் பாசனங்களுக்கு நடுவில் இருக்கும் வரப்பு மாதிரி. அதற்கு இன்றும் பிரோடல் கோடு என்றுதான் பெயர். இந்த வரப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்மித், பாய்ஸ் என்ற இருவர் அந்தத் திறந்த அறுவை சிகிச்சையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் தமனியைக் கிடுக்கியால் மூடிவிட்டு, சுற்றிலும் பொடித்த பனிக்கட்டியைக் கொட்டிக் குளிரவைத்து, ரத்தம் குறைந்த தளத்தில் வெட்டிப் புத்தகத்தைப்போல விரித்து, உள்ளே கிளைவிட்டிருக்கும் கல்லை எடுப்பார்கள். கைத்தொழில் என்ற வகையில் அற்புதமான காரியம். ஆனால் கல் திரும்ப வரும் ஜாதி. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரத் தயங்காது. முதல் வெட்டு ஆறிய இடம் தழும்பேறி இறுகியிருக்கும். இரண்டாவது தடவை திறப்பது முதல் தடவையைவிடக் கஷ்டம், மூன்றாவது தடவை சிறுநீரகத்தையே எடுத்துவிடலாமா என்ற பேச்சு வரும்.

இப்போது லாஸ் ஏஞ்சலஸ் போவோம். அங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லர்ட் குட்வின் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் இருந்தார். அந்தக் காலத்தில் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டுமானால் முதுகு வழியாக நீண்ட ஊசியைக் குத்தி, உள்ளே எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவார்கள். குட்வின் அப்படிக் குத்தியபோது ஊசி குறி தவறியது. அடைப்பினால் நீர் தேங்கி வீங்கியிருந்த சிறுநீரகத்துக்குள்ளேயே போய்விட்டது. வந்தது ரத்தமில்லை, சிறுநீர். அவர் பதறி ஊசியை உருவிவிடவில்லை. வந்த வழியிலேயே மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார். சிறுநீரகத்தின் உட்புறம், அதன் கிண்ணங்களும் அவை வந்து சேரும் தொட்டியும், பளிச்சென்று தெரிந்தன. சரி, ஊசி போகிற இடத்துக்கு ஒரு குழாயும் போகாதா? தேங்கிய நீரை வடிக்க அறுவை சிகிச்சை எதற்கு? இந்த யோசனையைத்தான் குட்வினும் அவருடைய இரு சகாக்களும் 1955ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரையாக எழுதினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைகளே நமக்குப் பழக்கம். இங்கே வேறெதற்கோ தோண்டியவருக்குத் தண்ணீர் கிடைத்தது.

ஊசித் துளையில் குழாயை எப்படி நுழைப்பது? அதற்கான விடை இரண்டு வருஷம் முன்னாலேயே ஸ்வீடனில் பிறந்துவிட்டது. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற இளம் எக்ஸ்ரே மருத்துவர் ரத்தக் குழாய்க்குள் குழாயை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். ஒருநாள் முயற்சி தோற்றுப்போய்ச் சோர்ந்து நின்றபோது கையில் ஓர் ஊசி, ஒரு கம்பி, ஒரு குழாய் மூன்றும் இருந்தனவாம். எதை எதற்கு அடுத்து நுழைக்க வேண்டும் என்ற வரிசை அந்த ஒரு நொடியில் பிடிபட்டது என்று அவரே பிற்பாடு சொன்னார். ஊசியைக் குத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு, கம்பியை விட்டுவிட்டு ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயை ஏற்று, கம்பியை உருவு. அவ்வளவுதான். இன்று இதய ஆஞ்சியோவிலிருந்து டயாலிசிஸ் குழாய் வரை எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் டாக்டர் பட்டத்துக்கு இது போதாது, ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று அவருடைய துறையில் ஒதுக்கிவிட்டார்கள். பட்டத்துக்காக அவர் வேறொரு தலைப்பைத் தேட வேண்டியிருந்தது. எளிமையைக் கண்டால் படித்தவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்தான்.

ஆக ஊசி, கம்பி, குழாய் எல்லாம் 1955லேயே கையில் வந்துவிட்டன. இருந்தும் அடுத்த இருபது வருஷம் அந்தத் துளை வெறும் வடிகாலாகவே இருந்தது. வழி வெட்டியாயிற்று, அதில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கல்லும் அதே வழியில் வரலாமே என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அதுவும் 1941லேயே இண்டியானாபொலிஸில் ரூபல், பிரவுன் என்ற இரு மருத்துவர்கள் கிட்டத்தட்ட அங்கே போய்விட்டார்கள். கல் அடைத்துச் சிறுநீரே நின்றுபோன ஒரு நோயாளிக்கு அறுவை செய்து வடிகுழாய் வைத்திருந்தார்கள். பின்னர் அதே வழியில் உள்நோக்கிக் கருவியை நுழைத்து, மீந்திருந்த கல்லை எடுத்தார்கள். கட்டுரை எழுதினார்கள். உலகம் படித்துவிட்டுத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டது.

1976ல்தான் அந்த எளிய கேள்வியை இருவர் கேட்டார்கள். அதே ஸ்டாக்ஹோமில், செல்டிங்கரின் அதே கரோலின்ஸ்காவில். இங்மார் பெர்ன்ஸ்ட்ரோம் எக்ஸ்ரே நிபுணர், பெங்க்ட் யோஹான்சன் சிறுநீரகவியல் மருத்துவர். கல்லை எடுக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு முதுகில் ஊசி குத்தி, கம்பி விட்டு, அதன்மேல் சிறிய குழாய், பிறகு கொஞ்சம் தடித்த குழாய், அதைவிடத் தடித்தது என்று பல நாட்கள் எடுத்துக்கொண்டு வழியைப் பெரிதாக்கினார்கள். காது குத்திய துளையில் ஈர்க்கு போட்டு, பிறகு சற்றே தடித்த குச்சி போட்டு, மெல்ல மெல்ல ஓட்டையைப் பெரிதாக்குவார்களே, அதே பொறுமை. வழி போதுமான அளவு விரிந்ததும் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கம்பிக் கூடையால் கல்லைக் கவ்வி வெளியே இழுத்தார்கள். மொத்தம் மூன்று நோயாளிகள். மூன்றே பக்கக் கட்டுரை. இன்று நம்மூர் ஆஸ்பத்திரிப் பலகைகளில் பிசிஎன்எல் என்ற நாலெழுத்தாக இருப்பது அந்த மூன்று பக்கத்தில் பிறந்ததுதான். பெர்குட்டேனியஸ் நெப்ரோலித்தோடமி என்பது முழுப்பெயர். தோல் வழியாகத் துளைத்துச் சிறுநீரகக் கல்லை எடுப்பது என்று பொருள்.

பெயரெல்லாம் பிற்பாடு சர்ஜன்களுக்குப் போய்விட்டது. ஆனால் இந்தக் கதையில் வழியைக் காட்டியவர்களில் பாதிப்பேர் இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்த எக்ஸ்ரேக்காரர்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பிறந்த குழந்தைக்கு ஒரு குறை இருந்தது. துளையைவிடப் பெரிய கல்லை என்ன செய்வது? வாசலைவிடப் பெரிய கட்டிலை வீட்டை விட்டு எப்படி எடுப்போமோ அப்படித்தான்: உள்ளேயே கழற்ற வேண்டும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் கர்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் 1977ல் அதைச் செய்து காட்டினார்கள். செவிக்கு எட்டாத வேகத்தில் அதிரும் ஒரு உலோகக் குழலைக் கல்மீது வைத்தால் கல் பொடிகிறது. குழலின் நடுவில் ஓட்டை, அதன் வழியாகப் பொடியை உறிஞ்சிவிடலாம். துளையிடுவதும் குப்பை அள்ளுவதும் ஒரே கருவியில். அதே மைன்ஸில் பீட்டர் ஆல்கன் என்ற இளைஞர், நாட்கணக்கில் வழியை விரிக்கும் பொறுமை இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் உலோகக் குழல்களைச் செய்வித்தார். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். ஒரே அமர்வில் வழி விரிந்தது. ஆல்கனின் உலோகக் குழல்கள் இன்றும் நம்மூர் ஆபரேஷன் தியேட்டர்களில் அவர் பெயராலேயே கேட்டு வாங்கப்படுகின்றன.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆர்தர் ஸ்மித், எக்ஸ்ரே துறையின் கர்ட் ஆம்பிளாட்ஸோடு கைகோத்தார். ஆம்பிளாட்ஸ் கொடுத்தது பார்க்கச் சாதாரணமான ஒரு பிளாஸ்டிக் உறை. வழியை விரித்த பிறகு அந்த உறையைச் செருகிவிட்டால் சுவர் சரியாது, ரத்தம் கசியாது, கருவிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வெளியே எடுக்கலாம். கிணற்றுக்கு உறை இறக்குவது மாதிரி. இதே ஆம்பிளாட்ஸ்தான் பிற்காலத்தில் இதயத்தில் உள்ள ஓட்டையைத் திறந்த அறுவை சிகிச்சை இல்லாமலே அடைக்கும் கருவியையும் உருவாக்கினார். சிறுநீரகத்தில் ஓட்டை போடவும் இதயத்தில் ஓட்டை அடைக்கவும் ஒரே மனிதர். லண்டனில் ஜான் விக்கம் இந்த முறையைக் கையில் எடுத்தார். இன்று எல்லா வகை அறுவை சிகிச்சைக்கும் சொல்கிறோமே, 'மினிமலி இன்வேசிவ்' என்று, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த விக்கம்தான். பித்தப்பைக்காரர்களும் குடலிறக்கக்காரர்களும் இன்று சொந்தம் கொண்டாடும் அந்தப் பெயர் கிட்னி கல் டாக்டர் ஒருவரின் வாயிலிருந்து வந்தது.

தியேட்டருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம். மயக்கம் கொடுத்த பிறகு முதலில் கீழ்வழியாகச் சிறுநீர்க்குழாயில் ஒரு மெல்லிய குழாயை ஏற்றுவார்கள். பிறகு நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். அந்தக் குழாய் வழியாக மருந்து ஏற, சி-ஆர்ம் என்ற வளைந்த எக்ஸ்ரே கருவியின் திரையில் சிறுநீரகத்தின் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து தெரியும், திராட்சைக் கொத்து மாதிரி. இப்போதுதான் 'பங்க்சர்'. டயர் கடை பஞ்சரின் அதே சொல், ஆனால் இங்கே அதுதான் மொத்த வித்தையும். பின்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கிண்ணத்தைத் தேர்ந்து, அதன் நுனி வழியாக ஊசி இறங்க வேண்டும். முதுகுப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் போகும் அந்தப் பாதை பிரோடல் வரைந்த வரப்பின் பக்கமாகத்தான் போகிறது. கிண்ணத்தின் கழுத்திலோ தொட்டியிலோ நேரடியாகக் குத்தினால் பெரிய ரத்தக் குழாய் மாட்டும். திரை தட்டையானது, உடம்பு ஆழமானது. அதனால் சி-ஆர்மை ஒரு பக்கம் சாய்த்து ஒரு தடவை, நேராக்கி ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுவார்கள். ஊசியின் உட்கம்பியை உருவியதும் நுனியில் ஒரு சொட்டு சிறுநீர் திரண்டு நிற்கும். அந்தச் சொட்டைப் பார்த்தபிறகுதான் தியேட்டரில் இருப்பவர்கள் மூச்சு விடுவார்கள். மற்றதெல்லாம், கம்பி, விரிப்பான், உறை, கருவி, உடைப்பு, ஒரு பாதைக்கு வந்துவிட்ட வேலை. உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க, திரையில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு பாறை தெரியும். பொடிந்த துணுக்குகள் உறை வழியாகச் சொரிந்து கீழே வலைக்குள் விழும் சத்தம்கூடக் கேட்கும் என்பார்கள்.

இந்தக் குழந்தை நடக்கப் பழகும்போதே ஒரு அசுரப் போட்டி வந்தது. ஜெர்மனியில் டோர்னியர் என்று ஒரு விமானக் கம்பெனி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்தில் ஏன் பள்ளம் விழுகிறது என்று அவர்கள் ஆராயப் போய், அதிர்வலை உடம்புக்குள் தோலைக் கிழிக்காமல் போகிறது என்று கண்டார்கள். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் ஒரு நோயாளியை நீர்த்தொட்டியில் உட்காரவைத்து, வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பி கிட்னி கல்லைப் பொடியாக்கினார்கள். கத்தி இல்லை, ஊசிகூட இல்லை! உலகம் அதன் பின்னால் ஓடியது. முதுகில் துளை போடும் முறை, பிறந்து ஐந்தாறு வருஷத்திலேயே பழசாகிவிடும்போல் இருந்தது.

அதைக் காப்பாற்றியது பெரிய கல். வெளியிலிருந்து உடைக்கலாம், சரி. உடைந்த துணுக்கை யார் அள்ளுவது? நோயாளியே சிறுநீரில் கழிக்க வேண்டும். சின்னக் கல்லுக்கு அது நடக்கும். எலுமிச்சை அளவுக் கல் உடைந்தால் துணுக்குகள் வரிசைகட்டிச் சிறுநீர்க்குழாயில் நெரிசலாக நின்றுவிடும். ஜெர்மானியர்கள் அதற்குக் 'கல் தெரு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் கல் இருந்தால் இன்னும் மோசம். பொடித்தாலும் பள்ளத்திலிருந்து மேலேறி வராது. கீழ்க் கிண்ணக் கற்களை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2001ல் வெளியானது. கல் முழுக்கப் போனவர்கள் அதிர்வலையில் நூற்றுக்கு 37 பேர், துளை முறையில் 95 பேர். அந்த வாக்குவாதம் அதோடு அடங்கியது.

பெரிய கல் என்றால் எல்லாவற்றுக்கும் ராஜா மான்கொம்புக் கல். தொட்டியில் உடலும் கிண்ணங்களில் கிளைகளுமாகச் சிறுநீரகத்தின் உள்வடிவத்தையே அச்சு எடுத்ததுபோல வளரும். பலருக்கு வலியே இருக்காது. பல நேரம் இது சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்குவதால் படியும் உப்பு, ஸ்ட்ரூவைட் என்பார்கள். 1845ல் ஹாம்பர்க் நகரத்தில் பழைய கழிவுக்குழி மண்ணில் கிடைத்த படிகத்துக்கு வைத்த பெயர் அது. கிருமி கல்லுக்குள்ளேயே குடியிருப்பதால், ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதுவே விதை. இதை வெளியிலிருந்து உடைத்துவிட்டு நல்லது நடக்கும் என்று காத்திருக்க முடியாது. உள்ளே போய்க் கண்ணால் பார்த்து அள்ள வேண்டும். 2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு முதல் தேர்வு பிசிஎன்எல் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். அந்த அளவுக் கல்லை வாழைத்தண்டுச் சாறு கரைத்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. சாறு உடம்புக்கு நல்லது, குடியுங்கள், ஸ்கேனையும் எடுத்துவிடுங்கள்.

துளை நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகான முப்பது வருஷக் கதை, அது எத்தனை சிறிதாகலாம் என்ற கதை. இந்தத் துறையில் தடிமனை மில்லிமீட்டரில் சொல்லமாட்டார்கள், பிரெஞ்ச் என்ற அளவில் சொல்வார்கள். பாரிஸில் ஷாரியேர் என்ற கருவி செய்பவர் வகுத்த கணக்கு அது, 3 பிரெஞ்ச் சேர்ந்தால் 1 மி.மீ. தொடக்கத்தில் 30 பிரெஞ்ச் வழி போட்டார்கள். 10 மி.மீ., சுண்டுவிரல் தடிமன். குழந்தைகளின் சின்னச் சிறுநீரகத்தில் சுண்டுவிரல் நுழைப்பது நியாயமா? 1990களின் கடைசியில் குழந்தைகளுக்காகவே 11 பிரெஞ்ச் உறை வந்தது, 'மினி' என்று பெயர். குழந்தைகளுக்குச் செய்தது பெரியவர்களுக்கும் ஏறியது.

இந்த இடத்தில் கதை இந்தியாவுக்கு வருகிறது. கிட்னி கல்லுக்குப் பேர்போன வட்டாரம் குஜராத். அங்கே நடியாத் என்ற ஊரில் முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனை இருக்கிறது. மகேஷ் தேசாயும் குழுவினரும் 2011ல் ஜெர்மானிய மருத்துவர்களோடு சேர்ந்து 'மைக்ரோபெர்க்' முறையின் முதல் அனுபவத்தை வெளியிட்டார்கள். குத்தும் ஊசியிலேயே கண் வைத்துவிட்டார்கள். 4.85 பிரெஞ்ச், அதாவது 1.6 மி.மீ. விளக்குமாற்று ஈர்க்கு அவ்வளவுதான் இருக்கும். விரிப்பதும் இல்லை, உறையும் இல்லை. குத்திய ஊசிக்குள்ளேயே லேசர் இழையை விட்டுக் கல்லைப் பொடியாக்கலாம். அதே மாநிலத்தின் அகமதாபாத்தில் ஜனக் தேசாய் 2013ல் 'அல்ட்ரா மினி' என்ற 11 முதல் 13 பிரெஞ்ச் வழியை அறிமுகம் செய்தார். சுண்டுவிரலில் ஆரம்பித்தது ஈர்க்கில் வந்து நின்றது.

ஆனால் ஈர்க்கு வழியே மான்கொம்பை அள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோபெர்க்கில் பொடியை வெளியே எடுக்க வழியில்லை, தானாகத்தான் இறங்க வேண்டும். அது சின்னக் கல்லுக்கான முறை. துளை குறுகக் குறுக ஆபரேஷன் நேரம் நீளும்; உள்ளே செலுத்தும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும்; கிருமியுள்ள கல் என்றால் அந்த அழுத்தம் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். "எனக்கு ரொம்பச் சின்ன ஓட்டையா போடுங்க டாக்டர்" என்று நோயாளிகள் இப்போது கேட்கிறார்களாம், செல்போன் மாடல் கேட்பது மாதிரி. கல்லின் அளவுதான் துளையின் அளவைத் தீர்மானிக்கும். மிகப் பெரிய கல்லுக்கு இன்றும் சுண்டுவிரல் வழிதான் பல கைதேர்ந்த மருத்துவர்களின் தேர்வு.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குப்புறப் படுக்கவைத்தால் பருத்த உடம்புக்காரர்களுக்கு மூச்சு சிரமம். ஸ்பெயினின் சரகோசா நகரத்து வால்டிவியா 1980களிலேயே இடுப்புக்கடியில் ஒரு சலைன் பையை முட்டுக்கொடுத்து மல்லாந்த நிலையிலேயே செய்தார். அப்போது அதிகம்பேர் சட்டைசெய்யவில்லை, இருபது வருஷம் கழித்துப் பரவியது. மல்லாந்து படுத்தால் ஒரு வசதி: ஒருவர் முதுகுப் பக்கத் துளையில் வேலை செய்யும்போதே இன்னொருவர் கீழ்வழியாக வளையும் கருவியை ஏற்றி, மூலையில் ஒளிந்த கல்லைத் தள்ளிக்கொடுக்கலாம். உடைக்கும் வேலைக்கு ஹோல்மியம் லேசர் வந்தது, இப்போது தூலியம் லேசர் கல்லை மாவாகவே ஆக்குகிறது. உறையிலேயே உறிஞ்சும் வசதி சேர்ந்துவிட்டதால், துளையே இல்லாமல் சிறுநீர் வழியாகவே போய் 2 செ.மீ. கல்லை எடுக்கிறவர்களும் பெருகிவருகிறார்கள்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, ஏதோ பல் பிடுங்குகிற காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2007 முதல் 2009 வரை உலகின் 96 மருத்துவ மையங்களில் 5,803 பிசிஎன்எல் நோயாளிகளின் விவரத்தைத் திரட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 76 பேருக்குக் கல் முழுக்கப் போயிருந்தது. பத்துப் பேருக்குக் காய்ச்சல். ஐந்தாறு பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தழும்பு சிறிதாகிவிட்டது, உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் பெரியப்பா காலத்தில் இருந்த அதே இடத்தில்தான் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆபரேஷன் முடிந்ததும் பெரும்பாலும் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாயை விட்டுவைத்து அனுப்புவார்கள். இரண்டு முனையும் சுருண்டிருப்பதால் டிஜே ஸ்டென்ட் என்பார்கள். வீக்கம் வடிந்து நீர் தடையில்லாமல் இறங்குவதற்காக. சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். வலி போய்விடுவதால் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பெரியப்பா மகனும் மறந்தான். வீடு கட்டும் அலைச்சலில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. எடுக்கப் போனபோது குழாயின் மேல்முனையைச் சுற்றிக் கல் படிந்து, இழுத்தால் வராத அளவுக்கு இறுகியிருந்தது. அதை எடுக்க மறுபடியும் முதுகில் ஒரு துளை போட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருந்தால், எடுக்கவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து, இன்றே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.